அப்பத்தாவின் முகத்துக்கு எந்த லென்ஸ்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மனித முகத்தைப் படமெடுக்க எந்த லென்ஸ் சிறந்தது என்று காமிரா தெரிந்தவர்களைக் கேட்டால், யோசிக்காமல் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "85-லிருந்து 100 மில்லிமீட்டருக்குள் ஒரு லென்ஸ், துளை எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது." இந்தப் பதிலின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி, என் கையில் இருக்கும் வகைக் காமிராவுக்குத் தவறு என்பது என் கருத்து. பணத்தைக் கொடுத்து இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டவள் நான். லென்ஸைப் பற்றிய கட்டுரைதானே என்று தோழர்களும் தோழியரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது எங்கள் அப்பத்தாவைப் பற்றிய கட்டுரையும்கூட. உங்கள் வீட்டிலும் ஓர் அப்பத்தாவோ தாத்தாவோ இருக்கக்கூடும் அன்றோ?

எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம். பூவும் தென்னையும் பலாவும்தான் எங்கள் பக்கத்துப் பிழைப்பு. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு புகைப்படம் தொங்கியது. தாத்தா வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது எங்கள் கூரை போயிற்று. எனக்கு அப்போது வயது பதின்மூன்று. விடிந்ததும் அப்பா விழுந்த தென்னைகளை எண்ணினார். அம்மா அரிசிப் பானையைத் தேடினார். அப்பத்தா மட்டும் சேற்றைக் கிளறி அந்தப் படத்தைத் தேடினார். கிடைத்தது. ஆனால் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, முகம் இருந்த இடம் வெள்ளைத் திட்டாகிக் கிடந்தது. "சட்டை இருக்கு, ஆளைக் காணோம்" என்றார் அப்பத்தா. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பத்தாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அவருக்கும் படம் கிடையாது. வாக்காளர் அட்டையிலும் ஆதார் அட்டையிலும் இருப்பவைதாம். அவற்றில் இருப்பவரை அப்பத்தா என்று நாங்கள் சொன்னால்தான் பிறர் நம்புவார்கள். நம் ஊர்களில் வழக்கம் என்ன? பெரியவர் ஒருவர் கண்ணை மூடியபின், பேரன் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடுகிறான். தபால் தலை அளவுப் படத்தை ஒன்றரை அடிக்குப் பெரிதாக்கி, பின்னால் நீல வானம் தீட்டி, போடாத சட்டையைப் போட்டு, பதினாறாம் நாளுக்குள் மாலையோடு மாட்டிவிடுகிறார்கள். உயிரோடு இருந்த காலமெல்லாம் ஒருவரும் அந்த முகத்தைப் படமெடுக்கவில்லை! இது வறுமையால் மட்டும் நேர்வதன்று. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தாலும் நேர்வது.

தாத்தாவின் படத்தை எடுத்தது அறந்தாங்கியில் ஒரு ஸ்டூடியோ என்று அப்பத்தாவுக்கு நினைவிருந்தது. நெகடிவ் இருந்தால் மறுபடி ஒரு பிரதி போடலாமே என்று, கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அங்கே தேடிக்கொண்டு போனேன். ஸ்டூடியோவை மூடும் நேரம். முதியவர் ஒருவர் அலமாரிகளைக் காலி செய்துகொண்டிருந்தார். "நெகடிவா? வெள்ளி பிரிச்செடுக்கிறவங்களுக்கு அதையெல்லாம் கிலோக் கணக்குல போட்டு வருசம் பல ஆச்சு பாப்பா" என்றார். நான் அழவில்லை; ஆனாலும் என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு தோல் உறையை எடுத்து வந்தார். அதற்குள் இருந்தது 'கேனன் பி' என்ற காமிரா. ஜப்பானில் 1959-இல் வெளிவந்த வகை. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் 1960-களில் ராஜுலா கப்பலில் கொண்டுவந்தது. "எடுத்துட்டுப் போ. ஆனா சும்மா மட்டும் வச்சிராதே" என்றார். அன்று தொடங்கியது என் லென்ஸ் தேடல்.

இது ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் காமிரா. இதில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. தனியாக உள்ள ஒரு சாளரத்தின் வழியாகப் பார்க்கிறோம். சாளரத்தின் நடுவில் சிறு கட்டம் ஒன்று உண்டு. அந்தக் கட்டத்துக்குள் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டு உருவங்களும் நெருங்கும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்போது தூரம் சரியாக அமைந்துவிட்டது என்று பொருள். நில அளவைக்காரர் இரண்டு இடங்களிலிருந்து கோணம் பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுவது போன்ற முக்கோணக் கணக்குத்தான் இது. அந்த முக்கோணத்தின் அடிக்கோடு, இரண்டு சாளரங்களுக்கும் இடையே உள்ள தூரம். கேனன் பி-யில் அது 41 மி.மீ. நம் கட்டை விரல் நீளத்தைவிடக் குறைவு! இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

காமிராவுடன் வந்தது 50 மி.மீ. லென்ஸ். அதில் மூன்றரை அடிக்கு நெருக்கமாகப் போக முடியாது. போனாலும் அந்தத் தூரத்தில் முகத்தைப் போல இரண்டு மடங்கு இடத்தை மார்பும் தோளும் எடுத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய சங்கடம் அப்பத்தாவுடையது. மூன்றரை அடியில் காமிராவைக் கண்டதும், ஊசி போட வந்த நர்ஸைக் கண்டதுபோல உடம்பை இறுக்கிக்கொண்டார். ஒரு சுருள் முழுவதும் இறுகிய முகங்கள்.

தூரத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் அன்று, நிற்கும் தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 10 செ.மீ. இருப்பதாகக் கொள்வோம். கைப்பேசியை 40 செ.மீ. தூரத்தில் நீட்டிப் பிடித்தால், காதோடு ஒப்பிட மூக்கு கால் பங்கு பெரிதாக விழுகிறது. ஒரு மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு மீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். "என் மூக்கு இப்படியா இருக்கு?" என்று கைப்பேசிப் படத்தைப் பார்த்துக் கேட்கும் கிழவிகள் சொல்வது இயற்பியல்படி சரியே. திண்ணையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசும் தூரம் ஐந்தாறு அடி. அந்தத் தூரத்திலிருந்து முகத்தைப் படலம் நிறைய எடுக்கத்தான் 85, 90, 100 மி.மீ. என்ற குட்டி டெலிபோட்டோ லென்ஸ்கள் தேவைப்படுகின்றன. ஆகவே பதிலின் முதல் பாதி சரி என்றேன்.

இனித் துளைக்கு வருவோம். துளை எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது. ஒளி அதிகம் நுழையும். ஷட்டரை விரைவாக மூடலாம். ஆகவே அதை 'வேகமான லென்ஸ்' என்பார்கள். அகன்ற துளையின் இன்னொரு விளைவு, கண் மட்டும் கூர்மையாக விழுந்து பின்னாலுள்ளதெல்லாம் கரைந்துபோவது. அந்த மயக்கத்துக்குத்தான் இத்தனை பேர் ஆசைப்படுகிறார்கள். கைப்பேசிகளும் இப்போது கணக்குப் போட்டு அதைப் போலி செய்கின்றன.

என் காமிராவின் 39 மி.மீ. திருகு மரைக்குப் பொருந்தும் லென்ஸ்கள் பல உண்டு. கேனன் நிறுவனமே 85 மி.மீ.யில் துளை எண் 1.5, 1.8 என்றும், 100 மி.மீ.யில் 2, 3.5 என்றும் செய்தது. ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தின் 90 மி.மீ. எல்மார் உண்டு, அதன் துளை எண் 4. நிக்கோர் 85 மி.மீ., துளை எண் 2, ஒரு கதைக்குப் பெயர் போனது. 1950-இல் டோக்கியோவில் 'லைஃப்' இதழின் டேவிட் டக்ளஸ் டங்கனை, ஜப்பானியப் புகைப்படக்காரர் ஜுன் மிகி அந்த லென்ஸால் ஒரு படம் எடுத்துக் காட்டினார். அதன் கூர்மையைக் கண்டு வியந்த டங்கன் நிக்கோர் லென்ஸ்களைக் கொரியப் போர்க்களத்துக்கு எடுத்துச் சென்றார். ஜப்பானிய லென்ஸ்களின் புகழ் உலகெங்கும் பரவ அது ஒரு காரணமாயிற்று. சோவியத் நாட்டில் செய்த 'ஜூபிடர் 9' என்பதும் 85 மி.மீ., துளை எண் 2. போருக்கு முன் ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனம் செய்த ஸோனார் லென்ஸின் வழிவந்தது. எல்லாவற்றிலும் விலை குறைந்த வேகமான லென்ஸ் அதுதான்.

நான் ஜூபிடரில் விழுந்தேன். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் கீழ் மாதந்தோறும் என் கணக்குக்கு வந்த ஆயிரம் ரூபாயில், பஸ்ஸுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் போக மீந்ததைச் சேர்த்து, வெளியூர் வியாபாரி ஒருவருக்கு அனுப்பி வாங்கினேன். வீட்டில் சொல்லவில்லை. லென்ஸ் வந்தது, மரையில் அழகாகத் திருகிக்கொண்டது. ஒரு சுருள் எடுத்துக் கழுவினால், முப்பத்தாறு படங்களிலும் புகை! காரணம் பிறகுதான் விளங்கியது. அதே 39 மி.மீ. மரையைச் சோவியத்தின் பழைய ஜெனிட் காமிராக்களுக்கும் வைத்திருந்தார்கள். ஆனால் ஜெனிட்டில் லென்ஸின் இருக்கைக்கும் படலத்துக்கும் இடையே 45.2 மி.மீ.; என் காமிராவில் 28.8 மி.மீ. ஜெனிட்டுக்குச் செய்த லென்ஸ் என் காமிராவில் 16.4 மி.மீ. உள்ளே தள்ளி உட்கார்ந்துவிடுகிறது. முழுக்கத் திருகினாலும் அது சுமார் 10 மி.மீ.தான் முன்னே வரும். ஆகவே மலையாயினும் முகமாயினும் எதுவும் கூர்மையாக விழாது. ரேஞ்ச்ஃபைண்டரின் நெம்புகோலைத் தள்ளும் வளையமும் அதில் இல்லை.

மரை பொருந்திவிட்டால் எல்லாம் பொருந்திவிட்டது என்று நினைத்தது என் தவறு. பிலிம் போடுமுன் பின்கதவைத் திறந்து, படலம் இருக்கும் இடத்தில் வரைபடத் தாளை ஒட்டி, ஷட்டரைத் திறந்து வைத்து, எதிரே தெரியும் பனைமரம் தாளில் கூர்மையாக விழுகிறதா என்று பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். பழைய லென்ஸ் வாங்கும் எவரும் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு சுருளையும் வீணாக்க வேண்டாம். வியாபாரி பாதி விலைக்குத்தான் திரும்ப எடுத்துக்கொண்டார். அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "படிக்கக் குடுத்த காசுல கண்ணாடி வாங்கினியா?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அடுத்த லென்ஸுக்கு அந்தப் பணத்தில் ஒரு பைசாவும் தொடுவதில்லை என்று முடிவு செய்து, விடுமுறை நாட்களில் பூக்கட்டப் போனேன். கட்டிய முழத்துக்குத் தகுந்த கூலி. அரும்பைக் கோத்துக்கொண்டே யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. எவ்வளவு அகலத் துளையை என் காமிரா தாங்கும் என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு இதுதான். சாதாரணக் கண் ஒரு கோண நிமிடம், அதாவது 0.00029 ரேடியன் அளவு விலகலைத்தான் பிரித்தறியும். அதற்கும் குறைவாக உருவங்கள் விலகி நின்றால் பொருந்திவிட்டதாகவே நமக்குத் தோன்றும். அதனால் தூரத்தில் வரும் பிழை, தூரத்தின் வர்க்கத்தைக் கோணத்தால் பெருக்கி அடிக்கோட்டால் வகுத்தது. ஒன்றரை மீட்டரில், 41 மி.மீ. அடிக்கோட்டில், பிழை முன்னும் பின்னும் சுமார் 1.6 செ.மீ. இனி லென்ஸ் பிழையை எவ்வளவு பொறுத்துக்கொள்ளும்? படலத்தில் 0.03 மி.மீ.க்குள் அடங்கும் புள்ளியைக் கூர்மையானது என்று ஏற்பது வழக்கம். அதன்படி 85 மி.மீ. லென்ஸ், துளை எண் 2-இல், அதே ஒன்றரை மீட்டரில் பொறுத்துக்கொள்வது முன்னும் பின்னும் சுமார் 1.75 செ.மீ. பாருங்கள், பிழையும் பொறுமையும் ஏறக்குறையச் சமம்!

தள்ளி நின்றால் சரியாகுமோ என்று இரண்டு சமன்பாடுகளையும் எதிரெதிரே எழுதினேன். வியப்பு என்னவென்றால், இரண்டிலும் தூரத்தின் வர்க்கம் இருப்பதால் அது அடிபட்டுப் போகிறது! மிஞ்சுவது காமிராவும் லென்ஸும் மட்டுமே. குவிதூரத்தின் வர்க்கத்தைக் கோணத்தால் பெருக்கி, அடிக்கோட்டையும் 0.03-ஐயும் பெருக்கி வந்ததால் வகுத்தால், அந்தக் காமிரா தாங்கும் மிகச் சிறிய துளை எண் கிடைக்கும். என் காமிராவில் 85 மி.மீ.க்கு அது 1.7, 100 மி.மீ.க்கு 2.4. ஆகவே 85 மி.மீ.யில் 1.5 எனக்கு ஆகாது, 1.8-உம் 2-உம் விளிம்பில் நிற்பவை, 100 மி.மீ.யில் 2 ஆகாது, 3.5 தாராளம். லைகா எம் 3 காமிராவில் பயன்படும் அடிக்கோடு 60 மி.மீ.க்கும் சற்று மேல். அதில் 90 மி.மீ., துளை எண் 2 இலேசாகப் பொருந்தும். ஒரே லென்ஸ் ஒரு காமிராவில் சிறந்ததாகவும் இன்னொன்றில் வீணாகவும் இருப்பது இதனால்தான். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னது லென்ஸுக்கும் பொருந்தும்.

கணக்கை ஒளியியல் நடத்தும் எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் சரிபார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "இதில் மூச்சுவிடுகிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்களே, அவர்களை எங்கே சேர்த்தாய்?" அந்தக் கேள்விதான் என் கருத்தை முழுமையாக்கியது. படமெடுப்பவரும் எடுக்கப்படுபவரும் சிலைகள் அல்லர். பொருத்திப் பார்த்துவிட்டு விரலை அழுத்துவதற்குள் ஓரிரு சென்டிமீட்டர் அசைகிறோம். இந்த அசைவு தூரத்தோடு வளர்வதில்லை. நம் மாவட்டத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தை நினையுங்கள். மேடையில் நிற்கும் ராஜபார்ட்டை நான்கு மீட்டரிலிருந்து துளை எண் 2-இல் எடுத்தால், பொறுமை முன்னும் பின்னும் 13 செ.மீ. அங்கே இரண்டு சென்டிமீட்டர் அசைவு ஒரு பொருட்டன்று. டியூப் லைட் வெளிச்சத்தில் அகன்ற துளை தேவையும்கூட. ஆனால் ஒன்றரை மீட்டரில் அப்பத்தா முகத்துக்கு இருப்பது 1.75 செ.மீ. அதைப் பிழை ஏற்கனவே தின்றுவிட்டது, அசைவுக்கு மிச்சமில்லை. ஆகவே உலகம் எதை 'முகத்துக்கான லென்ஸ்' என்று கொண்டாடுகிறதோ, அந்த வேகமான லென்ஸ், சிறிய அடிக்கோடுள்ள காமிராவில், மேடைக்கே உரியது, முகத்துக்கு உரியதன்று. இதுவே என் கட்டுரையின் சாரம்.

ஆறு மாதப் பூக்கூலியில் சென்னையிலுள்ள பழைய காமிரா வியாபாரி ஒருவரிடம் கேனன் 100 மி.மீ., துளை எண் 3.5 லென்ஸ் வாங்கினேன். கையில் எடுத்தால் பாரமே தெரியாது. கேனன் பி-யின் சாளரத்தில் 35, 50, 100 மி.மீ.களுக்கு எல்லைக்கோடுகள் உண்டு, 85-க்கு இல்லை. 85 வாங்கியிருந்தால் எல்லையை மனத்தால் ஊகித்திருக்க வேண்டும். விலையும் துளை எண் 2 உள்ள லென்ஸைவிட மிகக் குறைவு. விளம்பரத்தில் 'மெதுவான லென்ஸ்' என்று போட்டிருந்ததால் போட்டிக்கு ஆளில்லை!

பிலிமும் இலேசில் கிடைப்பதில்லை. அந்த ஸ்டூடியோ ஐயா தம் காலத்தில், ஊட்டியிலிருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' சுருள்களைப் பயன்படுத்தியவர். 1960-களில் தொடங்கிய அந்த அரசு ஆலை இன்று இல்லை. வெளிநாட்டுச் சுருள் ஒன்றின் விலை எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று நாள் களையெடுப்புக் கூலி. ஆகவே எடுக்குமுன் அப்பத்தாவையே கேட்டேன்: "அப்பத்தா, படத்துல எது நல்லாத் தெரியணும்?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "காது தெரியணும்த்தா" என்றார். ஒரு காலத்தில் தண்டட்டி போட்டு வளர்த்த காது. தண்டட்டி என் அத்தையின் கல்யாணத்தோடு போயிற்று. தோளை நோக்கித் தொங்கும் வெறும் காதுதான் மிச்சம். நானோ கண் மட்டும் கூர்மையாக, காது கரைந்துபோகும் லென்ஸுக்காக ஆறு மாதம் ஏங்கியிருந்தேன்! கண்ணையும் காதையும் சேர்த்துக் காட்ட வேண்டுமானால் துளையைச் சுருக்கத்தான் வேண்டும். காலை எட்டு மணிக்கு வேப்பமர நிழலில் அப்பத்தாவை உட்கார வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நானும் உட்கார்ந்து, துளை எண் 8-இல், வினாடியில் 125-இல் ஒரு பங்கில், 400 வேகமுள்ள கறுப்பு வெள்ளைச் சுருளில் எடுத்தேன். 18 செ.மீ. ஆழத்துக்குக் கூர்மை கிடைக்கும். ஐந்தடிக்கு மேல் தள்ளி இருந்ததால் அவர் என்னோடு பேசிக்கொண்டே இருந்தார். பூச்சந்தையில் எடை குறைத்துப் போட்டவனைப் பற்றிய பேச்சு. கோபமும் சிரிப்புமாக ஒரு முகம் வந்தது. பின்னால் கஜாவில் முறிந்த தென்னையின் அடிக்கட்டை மங்கலாக, ஆனால் இன்னதென்று தெரியும்படி நிற்கிறது. அதுவும் இருக்கட்டும். அது இல்லாமல் எங்கள் அப்பத்தா ஏது?

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, 50 மி.மீ.யே போதாதா என்பது. 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி மறைந்தபோது, பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸான் அங்கே இருந்தார். மகரிஷியின் இறுதி நாட்களின் படங்களை எடுத்தவர் அவர். வாழ்நாள் முழுதும் பெரும்பாலும் லைகாவும் 50 மி.மீ. லென்ஸுமாகவே இருந்தவர். உண்மைதான். அருகில் சென்றும் யாரையும் இறுகவைக்காத நடையும் கண்ணும் அவருக்கு இருந்தன. எனக்கு இல்லை. எனக்குத் தேவைப்படும் தூரத்தை லென்ஸ்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, கைப்பேசி இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்பது. நியாயமான கேள்வி. பிலிம் காமிரா என் கைக்கு வந்ததால் நான் அதில் எடுத்தேன். எல்லோரும் அப்படி எடுக்க வேண்டும் என்பது என் வாதமன்று. கைப்பேசியிலும் இதே இயற்பியல்தான். ஆறடி தள்ளி நில்லுங்கள். முகத்தை நெருங்காமல் ஜூமை இரண்டு மடங்கு வையுங்கள். பின்புறத்தை மங்கலாக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள், அது பல சமயம் நரைமுடியையும் காதையும் சேர்த்து அழித்துவிடுகிறது. வாசல் நிழலில் எடுங்கள். எடுத்ததைக் காகிதத்தில் இரண்டு பிரதி போட்டு, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். ஒரே சுவரில் மாட்டிய ஒரே படம் என்ன ஆகும் என்பதைக் கஜா எங்களுக்குக் காட்டியிருக்கிறது.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்னுருவில் பாதுகாத்ததைப் படித்து மகிழ்ந்தேன். எடுத்த படத்தை அறிஞர்கள் காப்பாற்றுவார்கள். எடுக்காத படத்தை எவர் காப்பாற்ற முடியும்? அது நம் வேலை. நம்முள் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நமக்கு முன்னால் இருந்தவர்கள் கையெழுத்தும் வைத்துச் செல்லவில்லை, பெருவிரல் ரேகைதான். முகமாவது மிஞ்ச வேண்டாமா?

அப்பத்தா படத்தை இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்க தாத்தாவை எடுக்க நீ அப்ப இல்லாமப் போயிட்டியே" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் இன்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும் தோழர் தோழியரிடம் ஒன்று சொல்ல முடியும். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அட்டைப் படம் தவிர வேறு படம் இல்லையென்றால், இயற்பியல் துறையில் இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள். சுருளின் விலையைப் பங்கு போட்டுக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஓடும் ஊர் எதுவானாலும் வருகிறேன். காலை எட்டு மணிக்கு வாசலில் நிழல் விழும் பக்கத்தை மட்டும் பார்த்து வையுங்கள்.